‘செயின், பிபி எல்லாம் மாத்தியாச்சு சார்’: 2,100 ரூபாய் போன கதை

சென்னையில் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது முன்னால் 3, பின்னால் 7 என்று 21 கியர் வண்டி. ஞாயிறு விடிகாலையில் ஈசிஆரில் கோவளம் வரை போய் வருவேன். போன மாதம் முட்டுக்காடு பாலத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் இடது பக்கம் ‘டக்... டக்...’ என்று சத்தம், சுற்றுக்கு ஒரு தடவை. அங்கேயே இறங்கி, இடது கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, அதன் போல்ட்டை 8 எம்எம் ஆலன் கீ போட்டு நன்றாக இறுக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். அது அப்போது தெரியாமல் நான்கைந்து நாள் அப்படியே ஓட்டினேன், அது என் தப்பு. அப்புறம் ஏசி போட்ட பெரிய கடை ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். பெயர் போடப் போவதில்லை, கேட்காதீர்கள்.

கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிபி போச்சு சார், செயினும் போச்சு” என்றார்கள். பிபி என்றால் பாட்டம் பிராக்கெட், இரண்டு கிராங்கும் மாட்டும் தண்டும் அதன் பேரிங்கும். பிபி செட் 950, செயின் 650, லேபர் 500. சாயங்காலம் எடுக்கப் போனால் செயின் பளபளவென்று மின்னுகிறது, சத்தமும் இல்லை. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கோவளம் தாண்டவில்லை, இடது கிராங்க் பெடலோடு கழன்று ரோட்டில் ‘கணீர்’ என்று விழுந்தது. பின்னால் பஸ் ஏதும் வரவில்லை, தப்பித்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே போனதில் புளியமரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கிடைத்தார். கிராங்கின் சதுர ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “லூசா வெச்சு ஓட்டிட்டீங்க தம்பி, தண்டு இரும்பு, இது அலுமினியம், மூலை நசுங்கிப்போச்சு, இனி எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது” என்றார். சரி, பிபியாவது புதுசுதானே என்றேன். சிரித்தார். பிபி கப்பைத் திருப்ப ஒரு தனி ஸ்பானர் வேண்டும், அது உட்காரும் பற்களுக்குள் மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது. யாரும் ஸ்பானர் வைக்கவே இல்லை. போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டு 950 வாங்கியிருக்கிறார்கள்.

செயினுக்கு டேப்பை எடுத்தார். ஒரு பின்னைப் பூஜ்யத்தில் வைத்து, அதிலிருந்து 24 பின் எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். வீசம், அதாவது 1/16 அங்குலம் தாண்டினாலே மாற்ற வேண்டியதுதான், அரைக்கால், அதாவது 1/8 தாண்டினால் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) பல்லும் கூடவே தேய்ந்திருக்கும். என்னுடையது அரைக்கால் தாண்டி நின்றது. மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போட்ட என் பழைய செயின்! “நெசமாவே புதுச் செயின் போட்டிருந்தா இந்தத் தேஞ்ச பல்லுல தாவித் தாவி வந்திருக்குமே தம்பி, உங்களுக்குத் தாவலையே” என்றார். தாவாமல் ஓடியதைத்தான் நான் நல்ல சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போய்ப் பழைய செயின் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டாச்சு சார் என்றார்கள். அது என் வண்டியிலேயே தொங்குகிறதே என்று அவர்கள் டேப்பை வாங்கியே 24 பின் எண்ணிக் காட்டினேன். கல்லாவில் இருந்தவர் பையனைத் திட்டினார், பையன் தரையைப் பார்த்தான், செயின் காசு 650 மட்டும் திரும்பி வந்தது. பிபிக்கு “நாங்க மாத்தினோம்” என்று சாதித்துவிட்டார்கள். மாற்றியதைக் கழற்றியவுடன் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைச் செய்யவில்லை.

இடது கிராங்கை மட்டும் தனியாக வாங்கிப் பெரியவரிடமே மாட்டினேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வழக்கமான பக்கம் திருப்பி அழுத்தினால் புதுக் கிராங்க் அன்றைக்கே பாழ். அவருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறுப்பு நிறத்தில் கிடைக்காததால் வலது பக்கம் கறுப்பும் இடது பக்கம் வெள்ளியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது வண்டி.