ஃபயர் எம்பிளம் என்கேஜ்: மூன்றாவது முறை ஆடும்போதும் ஆறாத ஒரு கோபம்

"என்கேஜ் வாங்கலாமா?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். ஃபயர் எம்பிளம் தொடரில் வந்த வீடியோ கேம் அது; வரைபடத்தில் வீரர்களை முறைவைத்து நகர்த்திச் சண்டையிட வேண்டும். 2023 ஜனவரியில் வெளியானதிலிருந்து என்னிடம் இருக்கிறது, இப்போது மூன்றாவது முறை ஆடிக்கொண்டிருக்கிறேன். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை.

சண்டையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வாள் கோடாரியை வெல்லும், கோடாரி ஈட்டியை, ஈட்டி வாளை. இந்தத் தொடரின் பழைய விதிதான். ஆனால் இதில் சாதகமான ஆயுதத்தால் அடித்தால் எதிரியின் ஆயுதம் கைநழுவிப் போகும். அடுத்த மோதலில் அவனால் திருப்பி அடிக்க முடியாது. 'பிரேக்' என்ற இந்த ஒரே விதியால் யார் முதலில் போக வேண்டும் என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. எதிரிக்கும் இதே வசதி இருப்பதால் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் கை தயங்கும். அதற்கு மேல், தொடரின் பழைய நாயகர்களின் ஆவி குடியிருக்கும் மோதிரங்கள் வேறு. குதிரை வீரனுக்கு சிகுர்ட் என்ற நாயகனின் மோதிரத்தைக் கொடுத்து இருவரையும் இணைத்துவிட்டால், மூன்று சுற்றுகளுக்கு அவன் ஓட்டமே தனி.

கதைக்கு வருவோம். நாம் ஆடும் முக்கியப் பாத்திரம் ஆலியர், தெய்வ டிராகன். ஆயிரம் வருடம் தூங்கி எழுந்த ஆலியருக்கு லுமேரா என்று ஒரு தாய். மூன்றாவது அத்தியாயத்திலேயே அவளைக் கொன்றுவிடுகிறார்கள். நமக்கு அவளோடு பழக நேரமே இல்லை. அதற்குள் நீளமான ஒரு மரணக் காட்சி, கண்ணீர், உருக்கமான இசை. எனக்கு ஒரு துளி வருத்தம்கூட வரவில்லை.

அப்புறம் 11ஆவது அத்தியாயம். அதுவரை சேர்த்த மோதிரங்கள் எல்லாம் பறிபோய்விட்டன. தவறு செய்தால் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் படிகமும் இல்லை. தப்பி ஓட வேண்டும். முதல் முறை ஆடியபோது, இறந்தவர் திரும்ப வராத கிளாசிக் முறையில், என் படையின் லூயிஸைப் பின்னால் நிறுத்தினேன். கனமான கவசக்காரன், துரத்தி வருபவர்களைத் தாங்குவான் என்று கணக்குப் போட்டேன். ஈட்டியும் கோடாரியும் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஒரு மந்திரவாதி வந்தான். கவசம் மந்திரத்தைத் தடுக்காது என்று எனக்குத் தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டேன். பழக்கத்தில் படிகத்தைத் தேடி விரல் பொத்தானுக்குப் போயிற்று. படிகம்தான் பறிபோய்விட்டதே.

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது. யாரும் வசனம் எழுதாத சாவு அது. விதிகளும் வரைபடமும் என் முடிவும் சேர்ந்து உண்டாக்கியது. அடுத்த காட்சியில் எல்லோரும் வழக்கம்போலத் தெய்வ டிராகனைப் புகழ்ந்து பேசுகிறார்கள், லூயிஸின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. என் கோபம் இதுதான். இழப்பு என்றால் என்ன என்று சண்டையை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வசனம் எழுதியவர்கள் அந்த வரைபடத்தை ஒருமுறை ஆடிப் பார்த்திருந்தால்கூடப் போதும்.

இரண்டாவது முறையிலிருந்து காட்சிகளைத் தாண்டிவிடுகிறேன். ஆட்டம் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை, அதுவே எனக்கு வேதனை.

நண்பர் பாத்திரங்களோடு வாழ விரும்புகிறவர். அதனால் அவரிடம் இது வேண்டாம், இதே தொடரில் 2019இல் வந்த த்ரீ ஹவுசஸ் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அதன் சண்டை இதன் பக்கத்தில்கூட வராது என்பதையும் சொன்னேன். போனை வைத்துவிட்டு 'மேடனிங்' என்ற உச்சக் கடின நிலையில் 11ஆவது அத்தியாயத்தைத் திறந்தேன். இந்த முறை லூயிஸை முதலில் வெளியேற்றினேன்.