அட்டையில் 1250, உள்ளே 500: நான் போட்ட இரண்டு கால்சியம் மாத்திரைகள்

மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன். இடுப்பெலும்பில் டி-ஸ்கோர், அதாவது அடர்த்திக்கான மதிப்பெண், மைனஸ் 1.9. மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை நோய், உங்களுக்கு எலும்பு மெலியத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கால்சியமும் வைட்டமின் டி3-யும் சேர்ந்த மாத்திரை அன்று ஆரம்பித்தது.

முதலில் போட்டது கால்சியம் கார்பனேட். அட்டையில் பெரிதாக 1250 மி.கி. என்று இருந்தது. 50 வயது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. கால்சியம் வேண்டும் என்று படித்திருந்ததால், ஒரே மாத்திரையில் எல்லாம் கிடைத்துவிடுகிறது என்று ஐந்து மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருந்தது: எலிமென்டல் கால்சியம், அதாவது மாத்திரையில் நிஜமாக உள்ள கால்சியம், 500. கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம்தான் கால்சியமாம். வெள்ளெழுத்து வந்த பிறகு வாங்குகிற மருந்து இது. அந்த 500-ஐ முன்பக்கத்தில் போட்டால் என்ன? எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வயிறும் ஒத்துழைக்கவில்லை. மலச்சிக்கல், வாயு. அதோடு நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல் போடுகிறவள் நான். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், நானோ அமிலத்தைக் குறைக்க மாத்திரை போடுகிறேன். டாக்டரே கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றினார்.

சிட்ரேட்டில் கால்சியம் 21 சதவீதம்தான், அதனால் இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். பெரிய மாத்திரை, தொண்டையில் நிற்கும். ஆனால் இரண்டே வாரத்தில் வயிறு சரியாகிவிட்டது. எட்டு மாதமாக இதுதான்.

இதிலும் ஒரு தப்பு செய்தேன். சிட்ரேட்டை வெறும் வயிற்றிலும் போடலாம் என்பதால், காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கினேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏறியிருந்தது; தைராய்டு மருந்து போதவில்லை என்றால் ஏறுகிற ஹார்மோன் அது. தைராய்டு மருந்தை உடம்பு உறிஞ்சவிடாமல் கால்சியம் தடுக்குமாம். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது வேண்டும். இப்போது சிட்ரேட்டை மதியம் ஒன்று, இரவு ஒன்று. டி3 கொழுப்பில் கரைவது என்பதால் அந்த இரண்டு சிட்ரேட்டையும் சாப்பாட்டோடுதான் போடுகிறேன்.

வயிறு நன்றாக இருப்பவர்களுக்கு கார்பனேட்டே போதும், சாப்பாட்டோடு போட்டால் வேலை செய்யும், எண்ணிக்கையும் குறைவு. எதுவானாலும் ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் உறிஞ்சும் அளவு குறைந்துவிடும்.

அப்புறம், 1200 என்பது சாப்பாட்டையும் சேர்த்து. எனக்குச் சாப்பாட்டிலேயே 700 வருகிறது, மாத்திரையில் 500 போதும். பயத்தில் கூட்டிப் போடாதீர்கள். சுமார் 36,000 பெண்களுக்கு நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில் (2006), தினமும் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு சிறுநீரகக் கல் கூடுதலாக வந்தது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் அதை முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.