மூன்று கண்டங்களில் வாடகைத் தொலைநோக்கி: இரட்டைச் சிறுகோளுக்கு உதவுமா?

ஆஸ்திரேலியா, தென் ஐரோப்பா, சிலி ஆகிய மூன்று இடங்களில் தொலைநோக்கிகளை நிறுவி, இணையவழியே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சேவை ஒன்றைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பயன்படுத்தினேன். 1830 போக்சன் என்ற இரட்டைச் சிறுகோளின், அதாவது சிறு துணைக்கோள் ஒன்று சுற்றிவரும் சிறுகோளின், ஒளிமாற்றத்தை அளப்பதே நோக்கம். நெபுலாக்களைப் படமெடுப்போர் இத்தகைய சேவைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பல இடங்களிலிருந்து ஒரே பொருளை ஒருங்கிணைத்து அளப்பதற்கு இவை எந்த அளவு கைகொடுக்கும் என்பது வேறு கேள்வி. குறைகளையும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

போக்சனைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் அதன் பெயரே. 1861 முதல் 1891-இல் மறையும் வரை சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய நார்மன் போக்சனின் நினைவாக அது பெயரிடப்பட்டது. ஐந்து பொலிவெண் (விண்பொருளின் ஒளியளவைக் குறிக்கும் எண், மங்கலாக ஆக எண் கூடும்) வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று, நாம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவர் அவர்தான். 1866-இல் சென்னையிலிருந்து அவர் கண்டுபிடித்த சில்வியா என்ற சிறுகோளுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

இரண்டாவது காரணம் போக்சனின் காலக்கணக்கு. சுமார் 8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள இச்சிறுகோள் 2.57 மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. 2007-இல் கண்டறியப்பட்ட அதன் துணையோ 24.25 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருகிறது. சூரியனோ பூமியோ துணையின் சுற்றுத்தளத்தை ஒட்டி அமையும் பருவங்களில், ஒன்று மற்றொன்றை மறைப்பதாலும் அதன்மேல் நிழல் வீழ்த்துவதாலும் மொத்த ஒளி சற்றே குறையும். துணையின் குறுக்களவு முதன்மையின், அதாவது பெரிய சிறுகோளின், குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், அது முழுதாக மறையும்போதுகூட நாம் இழப்பது பத்தில் ஒரு பங்கு ஒளிதான். இந்த இறக்கம் ஏறத்தாழ நாளுக்கொரு முறை திரும்ப வருவதால், ஒரே ஊரில் இருந்து பார்ப்பவருக்கு அது தினமும் கால் மணி நேரம் மட்டுமே தள்ளிப்போகும். இன்று நண்பகலில் நிகழ்ந்தது நாளையும் நண்பகலை ஒட்டியே நிகழும். முழுச் சுற்றையும் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே பார்த்து முடிப்பதென்றால் இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும், அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வேறு தீர்க்கரேகைகளில் இருப்பவர்களின் கண்களைக் கடன் வாங்காமல் இந்த வேலை நடக்காது.

முதலில் நிறைகளைச் சொல்கிறேன். பொலிவெண் 15-ஐ நெருங்கும் இப்பொருளை, 50 செ.மீ. ஆடியுள்ள அவர்களது தொலைநோக்கிகள் இரண்டு நிமிடப் பதிவிலேயே நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தோடு அளந்தன. மூலப் படங்களோடு, கேமராவின் சொந்தச் சமிக்ஞையைக் கழிக்க ஒளி படாமல் எடுக்கும் டார்க் படங்களையும், தூசி நிழலையும் ஒளியின் சீரின்மையையும் திருத்த ஒரே சீரான ஒளியில் எடுக்கும் ஃபிளாட் படங்களையும் தனித்தனியே தருகிறார்கள். திருத்திய படத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சேவை அளவீட்டுக்கு உதவாது. படக் கோப்பின் தலைப்புப் பகுதியில் உள்ள நேரம் பதிவு தொடங்கிய கணமா, நடுக்கணமா என்று கேட்டு எழுதியபோது, அன்று மாலைக்குள் தெளிவான பதில் வந்தது. மேகத்தால் கெட்ட நேரத்துக்கான கட்டணத்தையும் வாதிடாமல் திருப்பித் தந்தார்கள்.

முன்பதிவு முறைதான் முதல் தொல்லை. மூன்று இடங்களின் நாட்காட்டிகளும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கின்றன. உலகப் பொது நேரத்தில் ஒரே அட்டவணையாகப் பார்க்க வழியில்லை. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியத் தொலைநோக்கி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள் என்பதை நாட்காட்டி எனக்கு எச்சரிக்கவில்லை. நான் கணக்கிட்டு வைத்திருந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முடிந்துவிட்டது, மறைப்பு தொடங்கும் கட்டமே கைநழுவிப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முன்பதிவையும் உலகப் பொது நேரத்தில் தாளில் எழுதிச் சரிபார்த்த பின்னரே உறுதி செய்தேன்.

இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, ஆஸ்திரேலியத் தொலைநோக்கியின் அளவீடுகளிலிருந்து முதன்மையின் சுழற்சியால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது, ஒன்றரை மணி நேரம் நீடித்த அழகான ஓர் இறக்கம் தெரிந்தது. ஆழமும் வடிவமும் மறைப்புக்கு உரியவை போலவே இருந்தன. அதே நேரத்தில் என் மாடியில் இருந்த எட்டு அங்குலத் தொலைநோக்கியும் போக்சனைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தது. அதன் புள்ளிகளில் சிதறல் அதிகம்தான், ஆனால் அவ்வளவு பெரிய இறக்கம் தெரியாமல் போகும் அளவுக்கு இல்லை. என் வரைபடம் சமமாக ஓடியது. ஆஸ்திரேலியப் படங்களை மாறுபாட்டைக் கூட்டி ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது: கேமராவுக்கு முன்னால் எங்கோ ஒட்டியிருந்த தூசியின் நிழல், உளுந்து வடை போல நடுவில் துளையுடன் படத்தில் விழுந்திருந்தது, நட்சத்திரங்களுக்கிடையே மெல்ல நகர்ந்த சிறுகோள் அதன் விளிம்பைக் கடந்து போயிருந்தது. எனக்குக் கொடுத்த ஃபிளாட் படம் அந்தத் தூசி படிவதற்கு முன் எடுத்தது. தனி ஒரு தொலைநோக்கியை நம்பியிருந்தால், இல்லாத மறைப்பை உண்மை என்று எழுதியிருப்பேன். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து அளப்பது வீண்செலவு என்று நினைப்பவர்களுக்கு இந்த இரவைத்தான் காட்டுவேன்.

இடங்களுக்கிடையே அளவுகளை இணைப்பது சேவையின் பொறுப்பு அல்ல என்றாலும், மூன்று இடங்களிலும் ஒரே வகை ஃபில்டர் (குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) இருந்தது பெரிய உதவி. சூரியனின் நிறத்தை ஒத்த நட்சத்திரங்களை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டால், எஞ்சும் வேறுபாட்டைச் சிறு திருத்தத்தால் சரிசெய்துவிடலாம். செக் நாட்டின் ஓந்த்ரெயோவ் வானாய்வகத்தில் பெட்ர் பிரவெட்ஸ் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்துவரும் இரட்டைச் சிறுகோள் ஆய்வின் அடித்தளமும் இத்தகைய இணைப்புத்தான். 2022-இல் நாசாவின் டார்ட் விண்கலம் மோதிய பின், டிடிமஸ் என்ற சிறுகோளின் துணையான டிமார்ஃபஸின் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கும் சற்று மேலாகக் குறைந்ததைத் தரைத் தொலைநோக்கிகள் உறுதிசெய்ததும் இதே மறைப்புகளின் நேரத்தை அளந்துதான்.

கட்டணம் குறைவில்லை, ஆறு மணி நேரத் தொடர் பதிவுக்கு ஆகும் செலவில் தொலைநோக்கிக்கான நல்ல கண்வில்லை ஒன்றை வாங்கிவிடலாம். நிலவுள்ள இரவுகளில் தள்ளுபடி உண்டு. போக்சன் நிலவிலிருந்து விலகியிருந்த இரவுகளில் அதைத் தயங்காமல் பயன்படுத்தினேன், அளவீட்டில் பெரிய இழப்பு இல்லை.

சொந்தமாக ஒரு தொலைநோக்கி வைத்திருந்து, தன் தீர்க்கரேகை காட்டாத நேரத்தை நிரப்பிக்கொள்ள விரும்புவோருக்கு இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். இதை மட்டுமே நம்பி இறங்குவோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். போக்சன் வானில் சூரியனுக்கு நேரெதிரே வரும் அடுத்த எதிர்நிலைக்குச் சிலியிலும் ஐரோப்பாவிலும் நேரம் வாங்க எண்ணியிருக்கிறேன். பதிவுக்கு முந்தைய வாரத்தில் எடுத்த ஃபிளாட் படம் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தந்தால், ஆஸ்திரேலியாவையும் சேர்த்துக்கொள்வேன்.