மதுரைக்கு எந்தக் கிளஸ்டர்: ஐ.டி. பூங்காவா, ரப்பரா, கண் வில்லையா?

மதுரை மாட்டுத்தாவணியில் டைடல் ஐ.டி. பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 314 கோடி ரூபாய், பரப்பு 5.34 லட்சம் சதுர அடி. ஒன்றிய அரசின் குறு, சிறு தொழில் குழும வளர்ச்சித் திட்டத்தில் சிறு அலகுகள் கூட்டாகப் பயன்படுத்தும் ஒரு பொது வசதி மையத்துக்கு ஏற்கப்படும் செலவு அதிகபட்சம் 30 கோடி. முதல் தொகையில் கட்டடம் வரும், இரண்டாவதில் இயந்திரமும் சோதனைக்கூடமும் வரும். உயர்தொழில்நுட்பத்தை வைத்துத் தென் மாவட்டங்களை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி, இவற்றில் எதை முன்னால் வைப்பது என்பதில்தான் வந்து நிற்கிறது.

மதுரைக்கு மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன: ஐ.டி. பூங்காக்கள், வாகன ரப்பர் பாகங்கள், கண் மருத்துவக் கருவிகள். மூன்றையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். பெரிய கம்பெனி ஒன்று நாளைக்கே மூட்டை கட்டினால் ஊரில் என்ன மிஞ்சும்? கைத்திறனும், சப்ளையர்களும், அடுத்த கம்பெனியைத் தொடங்கக்கூடிய ஆட்களும் மிஞ்சினால் அது கிளஸ்டர், அதாவது தொழில் குழுமம். காலி மாடி மட்டும் மிஞ்சினால் அது வாடகைக் கட்டடம்.

ஐ.டி. வழியின் பலம் வேகம். எச்.சி.எல்., ஹனிவெல் போன்ற நிறுவனங்கள் மதுரைக்கு வந்ததால், இங்கே படித்தவர்களில் ஒரு பகுதியாவது சென்னைக்கும் பெங்களூருவுக்கும் பஸ் ஏறாமல் ஊரிலேயே சம்பாதிக்கிறார்கள். பெண் பொறியாளர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் தேனி சாலையில், காமராசர் பல்கலைக்கழகத்தைத் தாண்டி இருக்கும் வடபழஞ்சியின் மாநில அரசு எல்காட் ஐ.டி. வளாகத்தை மறக்கக் கூடாது. ஏறத்தாழ 245 ஏக்கர் இருந்தும் பல ஆண்டுகள் ஆள் வராமல் கிடந்தது. 2021 கொரோனா அலையில் அங்கே நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். தூரம் ஒரு காரணம், சிறப்புப் பொருளாதார மண்டல விதி இன்னொரு காரணம். அங்கே இடம் எடுக்கும் நிறுவனம் ஐந்தாண்டுக் கணக்கில் செலவிடுவதைவிட அதிகமாக அந்நியச் செலாவணி ஈட்டியாக வேண்டும். உள்நாட்டுக்கு மட்டும் மென்பொருள் செய்யும் சிறிய கம்பெனிக்கு அது ஒத்து வராது. 2020-க்குப் பிறகு தொடங்கும் அலகுகளுக்கு வருமான வரிச் சலுகையும் போய்விட்டது. ஐ.டி. மண்டலங்களில் மாடி மாடியாக மண்டலத்திலிருந்து விலக்கு பெறலாம் என்ற விதி 2023 டிசம்பரில்தான் வந்தது.

அமெரிக்காவின் ரிசர்ச் டிரையாங்கிள் பூங்காவும் 1959-இல் தொடங்கி, 1965-இல் ஐ.பி.எம். வரும்வரை தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி மூன்று ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. தைவானின் சின்சூ பூங்கா இன்னும் தெளிவான பாடம். அங்கே அரசு ஆய்வு நிறுவனம் 1973-இல் வந்தது, பூங்கா 1980-இல் வந்தது. அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்துதான் சிப் நிறுவனங்களான யு.எம்.சி.யும், 1987-இல் டி.எஸ்.எம்.சி.யும் பிறந்தன. முதலில் ஆய்வகம், பிறகுதான் கட்டடம்.

ரப்பரில் மதுரைக்கு அந்த முன்வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. கோச்சடையில் பெல்ட்டும் ரப்பர் பாகங்களும், வெள்ளரிப்பட்டியில் டயரும், கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் சிறு அலகுகளும் என்று இரண்டு மூன்று தலைமுறைக் கைப்பழக்கம் ஊரில் இருக்கிறது. ரப்பர் கலவையான காம்பவுண்டைத் தயாரிப்பவர், மோல்டு வெட்டுபவர், பிசிறு அறுக்கும் பெண்கள் என எல்லோரும் அரை மணி நேரப் பயணத்துக்குள். ஒரு முதலாளி கடையைச் சாத்தினாலும் அந்தத் திறன் ஊரைவிட்டுப் போகாது.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மின் வாகனத்தில் வால்வு இல்லை, கிராங்க் ஷாஃப்ட்டும் இல்லை. ஆகவே எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு சீலும் கிராங்க் ஆயில் சீலும் வேண்டாம். அதற்குப் பதிலாகக் கேட்பது மோட்டார் ஷாஃப்ட் சீல், பேட்டரி மூடி கேஸ்கெட், குளிர்விப்பு ஹோஸ். கார் மோட்டார்கள் பல நிமிடத்துக்கு 15,000 சுற்றைத் தாண்டுகின்றன. அந்த வேகத்தில் சீலின் உதடு காயும் சூட்டுக்குச் சாதாரண நைட்ரைல் ரப்பர் நிற்காது, ஃப்ளூரோ ரப்பர் வேண்டும். பேட்டரி மூடியோ ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கியும் கசியக் கூடாது.

கலக்கத் தெரிந்தால் மட்டும் இந்த ஆர்டர் கிடைக்காது, சோதித்துக் காட்ட வேண்டும். ரப்பர் துண்டை 25% அமுக்கி, குறித்த சூட்டில் 22 அல்லது 70 மணி நேரம் வைத்து, எடுத்து 30 நிமிடம் ஆறவிட்டு, எவ்வளவு மீண்டது என்று அளக்கிறார்கள். மீளாத கேஸ்கெட் ஒரு கோடையிலேயே தட்டையாகி நீரை உள்ளே விடும். ரப்பர் வேகும் விதத்தை அளக்கும் ரியோமீட்டரில் ஐந்தாறு கிராம் காம்பவுண்டை வைத்தால், அது எப்போது வேகத் தொடங்குகிறது, எப்போது வெந்து முடிகிறது என்பது சில நிமிடத்தில் கோடாக வந்துவிடும். அது இல்லாத அலகில் ரப்பரை வேகவைக்கும் கந்தகமோ, அதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரோ எடை தவறியது மோல்டைத் திறந்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஒரு பேட்ச் முழுக்கக் குப்பை.

கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் கதை வேறு. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, வில்லை தயாரிக்க 1992-இல் ஆரோலேபைத் தொடங்கியது. அப்போது இறக்குமதி வில்லை 100 டாலர் அளவில் விற்றது. ஆரோலேப் அதைச் சுமார் 10 டாலருக்குக் கொண்டு வந்தது. வில்லையின் ஒளிப்பகுதி 6 மில்லிமீட்டர்தான், மூக்குத்திக் கல் அளவு. வைர முனை லேத்தில் கடைந்து, கண்ணாடி மணிகளோடு உருளையில் நாள்கணக்கில் சுழற்றி மெருகேற்றி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் பொட்டலம்.

அங்கிருந்துதான் சிறு நிறுவனத்துக்குச் சிக்கல் தொடங்குகிறது. கிருமி நீக்கத்துக்குப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு நச்சு வாயு, எளிதில் தீப்பிடிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். உரிமமும் பாதுகாப்புச் சுவரும் குடியிருப்பிலிருந்து விலகிய இடமும் வேண்டும். முடிந்தபின் எச்ச வாயு வெளியேறக் காத்திருக்க வேண்டும். கிருமியின்மைச் சோதனைக்கு மட்டும் 14 நாள். அதுவரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். 2022 அக்டோபரிலிருந்து ஆபத்து குறைந்த ஏ, பி வகைக்கும், 2023 அக்டோபரிலிருந்து ஆபத்து கூடிய சி, டி வகைக்கும் மருத்துவக் கருவி உரிம விதிகள் இறுகிவிட்டன. மாநிலத்துக்குக் கிடைத்த மருத்துவக் கருவிப் பூங்கா ஒரகடத்துக்குப் போனது மதுரைக்கு இழப்பு என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலை நாட்டுக்கே காட்டிய ஊர் இது.

ஆனாலும் முதல் பணம் ரப்பருக்கே போக வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. ஒன்றிய அரசுத் திட்டத்துக்குப் பொதுவாக 20 அலகுகள் சேர்ந்து மையத்தை நடத்த ஒரு சிறப்பு நோக்க நிறுவனம் அமைக்க வேண்டும். ஒருவருக்கு 10% பங்குக்கு மேல் கூடாது. ரப்பரில் இருபது பேரைக் கூட்டிவிடலாம். கண் கருவியில் பெரிய நிறுவனம் ஒன்றைச் சுற்றி அத்தனை பேர் இன்னும் முளைக்கவில்லை. அதற்கு மாநில அரசே பொதுக் கிருமி நீக்க நிலையத்தையும், நுழையும் நிறுவனங்களுக்கு தூசி புகாத வாடகைத் தூய அறைகளையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் லாபமும் மதிப்பும் அங்கேதான் அதிகம்.

ரப்பர் மையத்துக்குத் திட்டச் செலவை 10 கோடிக்குள் நிறுத்துவது நல்லது. அதுவரை மானியம் 70%, அதற்கு மேல் போனால் மொத்தச் செலவுக்கும் 60%. 10 கோடியில் மானியம் 7 கோடி போக மீதி 3 கோடி, இருபது பேருக்குத் தலைக்கு 15 லட்சம். 12 கோடி என்றால் மீதி 4.8 கோடி, தலைக்கு 24 லட்சம். மாநில அரசு பங்கு தந்தால் இது குறையும்.

பொது வசதி மையங்கள் படுத்துப்போவது பெரும்பாலும் இயந்திரக் கோளாறால் இல்லை. என் வரைபடத்தை எதிர்க்கடைக்காரன் பார்த்துவிடுவானே என்ற பயத்தில் உறுப்பினர்களே வேலை கொடுப்பதில்லை. மாதிரிகளுக்குப் பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு வாங்கினால் அந்தப் பயம் பாதி போகும். இரண்டாவது, மின் கட்டணம். உயரழுத்த இணைப்பில் இயந்திரம் ஓடாவிட்டாலும் ஒப்பந்தத்தில் கேட்ட மின் அளவில் 90 சதவீதத்துக்கு டிமாண்டு கட்டணம் வரும். ஆகவே முதல் ஆண்டு குறைந்த அளவுக்கே ஒப்பந்தம் போட வேண்டும். மூன்றாவது, ஆள். மானியம் இயந்திரத்துக்கு வரும், சம்பளத்துக்கு வராது. ரியோமீட்டர் கோட்டைப் படித்துக் கலவையைத் திருத்தச் சொல்லத் தெரிந்த ஒரு ரப்பர் டெக்னாலஜிஸ்ட்டுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளத்தை, கட்டடத்துக்குப் பூமி பூஜை போடும் முன்பே உறுப்பினர்கள் வங்கியில் கட்டி வைத்துவிட வேண்டும்.