சிங்கப்பூரில் பசியாற: நான்கு காலை உணவுகளும் அவற்றின் ஆயுளும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். "பசியாறிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் மனத்தில் இட்லி, தோசையோடு காயா ரொட்டி, நாசி லெமாக், பிராட்டா, சுவீ குவே எல்லாம் சேர்ந்து வரும். ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியும் இதைப் பற்றித்தான். மூன்று நாள்தான் இருக்கப் போகிறோம், மூன்று காலைக்கு என்ன சாப்பிடலாம்?

போன வருடம் கும்பகோணத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். முதல் நாள் அவர்கள் தங்கிய விடுதியிலேயே சாப்பிட்டோம். நீள மேசையில் எல்லாமே இருந்தது. பிராட்டாவை விளக்குச் சூட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள்; பிய்த்தால் தோல் மாதிரி இழுத்தது. காயா தடவிய ரொட்டி நமுத்துப் போயிருந்தது. முட்டை கெட்டியாகி ஆறிக் கிடந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் நாலு துண்டு பப்பாளியோடு எழுந்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த உணவுகள்மேல் தப்பே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. சிலது அடுப்பிலிருந்து இறங்கி மூன்று நிமிடம்தான் தாங்கும், சிலது மூன்று மணி நேரம் தாங்கும். எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதையெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த நான்கையும் நான் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

ஆயுள் மிகக் குறைவு பிராட்டாவுக்கு. நம் ஊர்ப் பரோட்டாவின் உறவுதான், ஆனால் குணம் வேறு. நம் ஊரில் அது ராத்திரிச் சாப்பாடு. சுருட்டிச் சுட்டு, இரண்டு கையாலும் அடித்து உதிர்த்து, சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிடுவோம். இங்கே அது காலைக்கு உரியது. மாவு உருண்டையைக் காற்றில் வீசி வீசிக் கண்ணாடி போல மெலிதாக்கி, நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போடுவார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். ஊற விடக்கூடாது, பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். மலேசியாவில் இதுவே ரொட்டி சானாய். வெறும் பிராட்டா வேண்டுமென்றால் 'கொசோங்' என்பார்கள், மலாயில் காலி என்று பொருள். கடைக்காரர் பெரும்பாலும் தமிழில் பேசுவார். "அண்ணே, கொசோங் ரெண்டு, முட்டை ஒண்ணு" என்றால் போதும்.

அப்புறம் ஒன்று, சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது. கூட வரும் குழம்பு மீன் குழம்பாகவோ ஆட்டுக்கறிக் குழம்பாகவோ இருக்கும். பருப்பு என்று நினைத்து வாங்கும் டால்சாவிலும் எலும்பு போட்டிருக்கலாம். கேட்டுவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். கொஞ்சம் சர்க்கரை கேட்டாலும் தருவார்கள். பிள்ளைகள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பிராட்டாவைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கல்லில் இருந்து தட்டுக்கு, தட்டில் இருந்து வாய்க்கு, அவ்வளவுதான் அதன் தூரம்.

அடுத்தது காயா ரொட்டி. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்றச் சீனக் குழுக்களுக்குப் பிந்தி வந்து இறங்கியவர்கள். வியாபாரத்தில் நல்ல இடங்களையெல்லாம் அதற்குள் ஹொக்கியன்காரர்களும் தியோச்சியூக்காரர்களும் பிடித்திருந்தார்கள். அதனால் ஹைனானியர் பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். ரொட்டி, வெண்ணெய், முட்டை என்று அங்கே பழகியதைப் பிறகு தங்கள் காப்பிக்கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஜாம் இருந்த இடத்தில் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டிய காயா வந்து உட்கார்ந்தது. இலங்கையில் ரம்பை என்று சொல்கிற அதே இலைதான் பாண்டான். கிள்ளினி சாலைக் காப்பிக்கடையின் வரலாறு 1919-இல் தொடங்குகிறது. காத்தோங்கில் இருக்கும் சின் மீ சின் 1925-இலிருந்து. இன்று எங்கு பார்த்தாலும் கிளை வைத்திருக்கும் யா குன் 1944-இல் ஒரு சிறு கடையாக ஆரம்பித்தது.

இதைச் சாப்பிடும் முறையைச் சொல்லியாக வேண்டும். தட்டில் இரண்டு முட்டை வரும். கொதிக்க வைத்த முட்டை இல்லை, வெந்நீரில் சில நிமிடம் கிடந்த முட்டை. கிண்ணத்தில் உடைத்து ஊற்றினால் வெள்ளை அரைகுறையாக உறைந்த தயிர் மாதிரி நடுங்கும், மஞ்சள் அப்படியே ஓடும். அதில் கறுப்பு சோயா சாறு சில சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் ஒரு தட்டு. ரொட்டி மெலிதாக, தீயில் வாட்டி, நடுவில் காயாவும் ஒரு வில்லை வெண்ணெயும் வைத்து வரும். வெண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும்போதே கடித்துவிட வேண்டும். உருகி ரொட்டிக்குள் இறங்கிவிட்டால் பாதி சுகம் போச்சு. ரொட்டியின் முனையை அந்த முட்டையில் தோய்த்துச் சாப்பிடும்போது இனிப்பு, உப்பு, மிளகின் காரம், சூடு, குளிர்ச்சி எல்லாம் ஒரே வாயில் சேரும். ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய காரியம். மாமா முதலில் முட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டாவது வாய்க்கு அப்புறம் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கூடக் குடிக்கும் கோப்பி நம் டிகிரி காப்பி போல இருக்காது. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்து, நீளமான துணிப்பையில் வடிகட்டுகிறார்கள். வெறுமனே 'கோப்பி' என்றால் இனிப்புக் கெட்டிப்பால் சேர்த்தது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாமா, 'கோப்பி ஓ கொசோங்'. இனிப்பு குறைய வேண்டுமா, 'சியூ தாய்'. நம் ஊர் நாக்குக்கு நெருக்கமானது 'கோப்பி சி'. சுண்டிய பாலும் சர்க்கரையும் சேர்த்தது. அத்தைக்கு அதுதான் பிடித்தது.

பேரங்காடிகளில் இருக்கும் கிளைகளில் இதே தட்டு நாள் முழுக்கக் கிடைக்கும். மழை பெய்தால், நேரம் தப்பினால் அங்கே போகலாம், தவறில்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே, காலை ஏழு மணிக்கு முதியவர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் காப்பிக்கடையில் குடிக்கும் கோப்பிக்கு ஈடு வராது. விலையும் குறைவு.

மூன்றாவது சுவீ குவே. வெளியூர்க்காரர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். தியோச்சியூ மொழியில் நீர்ப் பலகாரம் என்று அர்த்தம். அரிசி மாவைக் கரைத்துச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வேக வைப்பார்கள். வெந்ததும் நடுவில் குழி விழும், அதில் துளித் தண்ணீர் நிற்கும். தட்டைக் கத்தியால் ஒரு சுற்றுச் சுற்றிப் பெயர்த்து வரிசையாக வைத்து, உப்பிலிட்டு உலர்த்திய முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கியதை மேலே கரண்டியால் போட்டு, ஓரத்தில் மிளகாய் விழுது வைத்துக் கொடுப்பார்கள். தோற்றத்தைப் பார்த்து இட்லி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உளுந்து இல்லை, புளிப்பு இல்லை. கொழுக்கட்டையின் மேல்மாவை இன்னும் இளக்கமாக நினைத்துக்கொள்ளுங்கள். தனக்கென்று சுவை இல்லாத அந்த மாவும் உப்பும் எண்ணெயுமான அந்த முள்ளங்கியும் சேரும் இடம்தான் இதன் அழகு. பத்து நிமிடம் போனால் விறைத்துவிடும். தியோங் பாரு சந்தையின் மாடியில் இருக்கும் உணவங்காடிக்குப் போங்கள். கீழே காய்கறி, மீன், பூக்கடைகள். வெளியே வந்தால் 1930களில் கட்டிய வளைந்த முகப்புள்ள குடியிருப்புகள். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் நடக்கலாம். முள்ளங்கியை வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். உலர்ந்த இறாலும் சேர்ப்பதுண்டு. பார்க்கச் சைவம்போல இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

சின்னச் சின்னத் தட்டுகளில் பலவகைப் பலகாரம் வரும் கான்டனீஸ் டிம்சமும் காலை உணவுதான். ஆனால் அதற்கு ஆறேழு பேரும் இரண்டு மணி நேரமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

ஆயுளில் எல்லாவற்றையும் மிஞ்சுவது மலாய்க்காரர்களின் நாசி லெமாக். தேங்காய்ப்பாலிலும் பாண்டான் இலையிலும் வெந்த சோறு, இனிப்பும் காரமுமான மிளகாய் விழுது சம்பால், பொரித்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரிக்காய், முட்டை. வாழையிலையில் கட்டினால் இலையின் மணம் சோற்றில் இறங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இன்னும் நன்றாக இருக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு சோற்றை உலர விடாது. காலையில் கட்டி, வேலைக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பத் தோதான சாப்பாடு இது. ஆடம் சாலை உணவங்காடியில் நீண்ட வரிசை நிற்கும். கோழிக்கால், இலையில் சுட்ட மீன் விழுதான ஓத்தா என்று மேலே மேலே அடுக்கித் தருவதைப் பலர் விரும்புகிறார்கள். நான் சின்னப் பொட்டலத்தின் பக்கம். சோறும் சம்பாலும் நல்லதா என்று கண்டுபிடிக்க வேறெதுவும் குறுக்கே வரக்கூடாது.

கேலாங் சிராய் சந்தைக்குப் போகிறவர்கள் லொந்தோங்கையும் பாருங்கள். அழுத்திக் கட்டிய சோற்றைத் துண்டு போட்டு, முட்டைக்கோசும் பயற்றங்காயும் தோஃபுவும் போட்ட மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் குழம்பை மேலே ஊற்றுவார்கள். நம் ஊர்ச் சொதியை நினைவுபடுத்தும். இதிலும் சம்பாலிலும் இறால், நெத்திலி இருக்கும். பாய லேபார் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

அப்படியானால் சைவக்காரர்கள் என்ன செய்வது? அத்தை இரண்டாம் நாளே கேட்டுவிட்டார். "ஏம்ப்பா, எனக்கு மட்டும் தோசைதானா? அதை நான் கும்பகோணத்துலயே தின்னுக்குவேனே." நியாயமான கேள்வி. மறுநாள் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குக் கூட்டிப் போனேன், ஆனால் தோசைக்கு இல்லை. அங்கே இடியாப்பத்துக்குப் புட்டு மாயாம் என்று பெயர். தேங்காய்ப்பூவும் ஆரஞ்சு நிறச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள், மலாய்க்காரர்களும் சீனர்களும் வரிசையில் நின்று வாங்குவார்கள். நம் பலகாரம் கடல் தாண்டிப் போய் வேறு பெயரும் வேறு துணையும் தேடிக்கொண்டதை அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சுத்த சைவ உணவகத்தில்தான் உட்கார வேண்டும் என்பவர்களுக்கு பக்கத்திலேயே சிராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்த வழி சீனச் சைவ பீகூன் கடை. அரிசிச் சேமியாவை வதக்கி, முட்டைக்கோஸ், தோஃபுத் தோல், மாவில் செய்த 'கறி' எல்லாம் மேலே வைத்துத் தருவார்கள். பௌத்த முறையில் சமைக்கும் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குக் கூட்டம் அதிகம், சீக்கிரமே போங்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்துச் சைவக் கடைகளில் பசியாறிவிட்டு இரண்டு கோயிலுக்கும் போய் வருவது வயதானவர்களோடு வரும் குடும்பத்துக்கு நல்ல காலை.

சரி, மூன்று காலைக்கு என் பரிந்துரை இது. முதல் நாள் தியோங் பாரு, எட்டு மணிக்கு முன்பே. சுவீ குவே ஒரு தட்டு, கோப்பி ஒன்று. இரண்டாம் நாள் ஏதாவது குடியிருப்புப் பேட்டை உணவங்காடி. சாலையோரக் கடைக்காரர்களை 1970கள் தொடங்கி அரசாங்கம் இப்படிக் கூரைக்குக் கீழே குடியேற்றியதால்தான் காயா ரொட்டியும் பிராட்டாவும் பத்தடித் தூரத்தில் கிடைக்கின்றன. ஆளுக்கொன்று வாங்கி வந்து ஒரே மேசையில் சாப்பிடலாம். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது. சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி இடம், மற்றதுக்குத் தனி இடம். திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது. சுத்தம் செய்வதற்காக உணவங்காடியே மூடும் நாட்களும் உண்டு, முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் காலை பெரும்பாலும் ஊர் திரும்பும் நாளாக இருக்கும். பெட்டி கட்டும் அவசரத்தில் யாருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. அன்றைக்கு நாசி லெமாக். மாமாவுக்கு விடியற்காலையில் போய் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தேன். அத்தைக்குப் புட்டு மாயாம் நாலு. சாங்கி விமான நிலையத்தில் பெட்டிகளை அனுப்பிவிட்டு, திருச்சி விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மாமா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இலையைப் பிரித்தார். சோறு இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது.