பழைய அலுமினியப் படகு: பிரிக்கக்கூடிய வேலையும் பிரிக்க முடியாத வேலையும்

கனடாவின் ஒன்டாரியோ, அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து ஏரிக்கரை ஊர்களில் கவிழ்த்துப் போட்ட 14 அடி அலுமினியப் படகு கண்ணில் படாமல் போகாது. 1960களிலோ 70களிலோ செய்தது. மூன்று குறுக்கு இருக்கைகள், மோட்டார் மாட்டப் பின்னால் ஒரு பலகை, அவ்வளவுதான். சிலர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். விலை சொன்னாலும் அது பெரும்பாலும் டிரெய்லருக்கான விலை. வாங்கி வந்தவர் முதலில் யோசிப்பது என்ன நிறம் அடிப்பது என்று. அது கடைசி வேலை. அதற்கு முன்னே உள்ள ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. அவற்றை விலையை வைத்து ஒப்பிடுவோர் அதிகம். செய்தது சரிவராவிட்டால் பிரித்துத் திருத்த முடியுமா என்பதை வைத்தே நான் ஒப்பிடுகிறேன்.

ரிவெட்: இறுக்குவதா, பூசுவதா, பற்றவைப்பதா

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் அலுமினியத் தகடும் அதை ரிவெட் (துளையில் நுழைத்து மறுமுனையை நசுக்கிப் பிடிக்கவைக்கும் உலோக ஆணி) அடித்து இணைக்கத் தெரிந்த கைகளும் ஏராளமாக இருந்தன. கடற்படைக்குப் போர் விமானம் செய்துவந்த கிரம்மன் நிறுவனமே கனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை அலுமினியத்தில் செய்ய இறங்கியது. மினசோட்டாவின் நியூயார்க் மில்ஸ் ஊரில் லண்ட் நிறுவனம் 1948இல் தொடங்கியது. விமானத்துக்குப் போதுமான இணைப்பு ஏரிக்கும் போதும்தான். ஆனால் பல பத்தாண்டுகள் அலையில் அடிபட்டு, டிரெய்லரில் குலுங்கி, ரிவெட்டின் பிடி தளர்கிறது. துளையும் சற்று அகன்றுவிடுகிறது.

எந்த ரிவெட் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கப் படகை ஏரியில் இறக்க வேண்டாம். டிரெய்லரில் வைத்தே உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கீழே படுத்து, சொட்டும் இடத்தையெல்லாம் மார்க்கரால் வட்டமிட்டால் போதும். விளிம்பு வரை நிரப்பிவிடக் கூடாது: ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். அந்தப் பாரத்தை வெறும் டிரெய்லர் உருளைகள் மேல் நின்று தாங்க இந்த மெல்லிய தகடு செய்யப்படவில்லை.

வட்டமிட்டவற்றை இறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே இருப்பவர் காற்றுச் சுத்தியலை ரிவெட்டின் தலையில் வைக்க, உள்ளே இருப்பவர் ஒரு கனமான இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடிக்கிறார். சில நொடி அதிர்வில் வால் நசுங்கிப் பரந்து, தகடுகள் இரண்டும் நெருங்கிக்கொள்கின்றன. தளர்ந்த ரிவெட்டில் தகடு கலகலக்கும்; இறுகியதும் ஓசை கெட்டியாகிவிடும். அந்த வேறுபாட்டைக் காது மிக விரைவில் பிடித்துக்கொள்ளும். மறுபடி தளர்ந்தால் மறுபடி இறுக்கலாம். வால் தேய்ந்துபோனதைத் துளைத்து எடுத்துவிட்டு, ஓர் அளவு பருமனான திட ரிவெட்டை அடிக்கலாம். எந்தப் படியிலும் கதவு அடைபடவில்லை.

வெளிப்பக்கத்திலிருந்தே இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட்டுக்கு ஒருவரே போதும், வேலையும் சட்டென்று முடியும். ஆனால் சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுவே துளை இருக்கிறது. ஒழுகலை அடைக்கப் போய் ஒழுகும் வழியை நாமே வைத்ததாகிவிடும். முனை மூடிய வகை தனியாகக் கிடைக்கிறது. இருக்கைக்கு அடியில் கை நுழையாத இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் எபாக்சிப் பிசினுக்கு ஆதரவாளர்கள் நிறைய. குளுவிட் போன்ற மெல்லிய எபாக்சியை உள்பக்கத் தையல்களில் தூரிகையால் தடவினால் இடுக்கில் இறங்கி அடைத்துக்கொள்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அசையும் ரிவெட்டின் மேல் பூசினால், அடியில் அது அசைந்துகொண்டேதான் இருக்கும். ஒரு நாள் பூச்சு விரியும். அப்போது அதைச் சுரண்டி எடுப்பவர் பாவம். இறுக்கிய பிறகு பூசினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிலிக்கானை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அது உரிந்த பிறகும் அதன் பிசுக்கு தகட்டில் தங்கிவிடும், பிறகு எபாக்சியும் ஒட்டாது வண்ணமும் ஒட்டாது. புளித்த வாடை அடிக்கும் வகையோ அசிட்டிக் அமிலத்தை வேறு விடுகிறது.

பற்றவைப்பதுதான் நிரந்தரம் என்று பலர் நம்புகிறார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தேர்ந்த கை இல்லையென்றால் ஆக்சைடு உடைவதற்குள் தகடு ஓட்டையாகிவிடும். தையலுக்குள் ஐம்பது வருட அழுக்கும் எண்ணெயும் வேறு. படகுத் தகடு உருட்டி இறுக்கிப் பலமேற்றப்பட்டது. பற்றவைத்த வெப்பத்தில் அந்த இடம் மென்மையாகிவிடும், பக்கத்து ரிவெட்டுகளும் தளரும். கிழிசலுக்கும் பெரிய விரிசலுக்கும் வேறு வழியில்லை, அங்கே அது சரி. ரிவெட் ஒழுகலுக்கு வேண்டாம்.

பின்பலகை: பணம் போக வேண்டிய இடம்

மோட்டாரின் பாரமும் உந்தலும் முழுக்க இந்தப் பலகையில்தான் விழுகின்றன. வெளியே தகடு பளபளப்பாக இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் உள்ளே மரம் ஊறிய தேயிலைச் சக்கைபோல் கையோடு வரும். மரம் கெட்டதற்கு அடையாளம் வெளியிலும் தெரியும்: மோட்டாரின் தலையைப் பிடித்து ஆட்டும்போது பின்தகடு சேர்ந்து வளைந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய மரம் எவ்வளவு உளுத்திருந்தாலும் எறிந்துவிடாமல், அதை வைத்துக் கோடு இழுத்த பிறகு தூக்கிப் போடலாம். புதியதற்கு அதைவிட நல்ல அச்சு கிடைக்காது.

கடைக்குப் போனால் முதலில் நீட்டப்படுவது பதப்படுத்திய பிளைவுட். உளுக்காது என்பது உண்மைதான். ஆனால் 2003 இறுதியோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு உபயோக மரத்திலிருந்து ஆர்சனிக் கலந்த பழைய மருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த மருந்துகளில் செம்பு கூடுதல். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் தின்னப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி தட்டும், பிறகு ஊசித்துளை விழும். மரம் பிழைத்துப் படகு செத்த கதையாக முடியும். செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்துக்கும் இதே கதைதான்.

மீதி இருப்பவை மூன்று: கடைகளில் கிடைக்கும் வெளிப்புற உபயோகப் பிளைவுட், படகுக்கான மரைன் பிளைவுட், கூசா போன்ற செயற்கைப் பலகை. முதல் இரண்டிலும் பசை நீர் தாங்குவதே. வேறுபாடு உள்ளடுக்குகளில் இருக்கிறது: மரைன் வகையில் இடைவெளி இருக்காது, சாதாரணத்தில் இருக்கும். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் தங்குகிறது, போல்ட்டை இறுக்கினால் பலகை நசுங்குகிறது. உளுக்காமல் இருக்கும் வரம் இரண்டுக்கும் இல்லை. கூசா என்பது கண்ணாடியிழை கலந்த பாலியூரித்தேன் நுரைப் பலகை. உளுக்க அதில் மரமே இல்லை, எடையும் குறைவு. விலையைக் கேட்டால் ஆள் ஒரு நிமிடம் யோசிப்பார்.

14 அடிப் படகுக்கு நான் மரைன் பிளைவுட் பக்கம். முக்கால் அங்குலப் பலகை இரண்டை ஒட்டினால் வழக்கமான ஒன்றரை அங்குலப் பருமன் வந்துவிடும். ஆறு பக்கமும், குறிப்பாக வெட்டிய ஓரங்களில், எபாக்சி குடிக்கக் குடிக்கக் கொடுக்க வேண்டும். போல்ட் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவே சரியான அளவில் மறுபடி துளைப்பது அலுப்பான வேலை. ஆனால் தண்ணீர் மரத்துக்குள் போகும் வாசல் அதுதான். பலகையைத் தகட்டோடு நிரந்தரப் பசையால் ஒட்டிவிடாமல் போல்ட்டால் மட்டும் பிடிக்கவிட்டால், அடுத்த முறை மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை. 3எம் 5200 என்ற நிரந்தரப் பசை போட்டு ஒட்டியவரின் படகை வாங்குபவருக்கு அந்தப் பிற்பகல் வாய்க்காது.

இருக்கை, நுரை, தளம்

குறுக்கு இருக்கைகளை அறுத்து எறிந்துவிட்டு, தட்டையான தளம் போட்டு, கம்பளம் விரித்து, சுழல்நாற்காலி பொருத்துவது இப்போது பெரிய மோகம். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கச் சுவர்களையும் விரியாமல் பிடித்திருப்பவை அந்த இருக்கைகளே. மூழ்காமல் காப்பாற்றும் நுரையும் அவற்றுக்குள்தான் இருக்கிறது. அறுத்த பிறகு ஒட்ட முடியாது. அதோடு ஆள் நிற்கும் உயரம் கூடக் கூடப் படகு ஆட்டம் காணும். அமெரிக்காவில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று காட்டும் தகடு 1972 நவம்பரிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்திய படகில் எச்சரிக்க அதுவும் இருக்காது. தளம் வேண்டுமென்றால் இருக்கைகளுக்கு இடையே தூக்கி எடுக்கும்படி மெல்லிய பலகை போடலாம். கம்பளம் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பழைய நுரையை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த ஒரு கன அடி நுரை தண்ணீரில் ஏறக்குறைய 60 பவுண்டு தாங்கும். ஊறிய நுரை தாங்குவதற்குப் பதில் படகின் எடையைக் கூட்டும். ஊற்றி உப்பவிடும் பாலியூரித்தேன் இடுக்கெல்லாம் நிறைக்கும், பெட்ரோல் பட்டாலும் கரையாது. ஆனால் அடியில் இருக்கும் ரிவெட்டை அது புதைத்துவிடும். வெட்டி அடுக்கும் நீலம் அல்லது இளஞ்சிவப்புப் பாலிஸ்டைரீன் பலகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்; பெட்ரோல் பட்டால் மட்டும் உருகிவிடும். பெட்ரோல் டாங்கி வைக்கும் பின் இருக்கையைத் தவிர மற்றவற்றுக்குப் பலகை போதும்.

நிறம்

ஏரி நீரில் ஓடும் அலுமினியத்துக்கு வண்ணம் அவசியமே இல்லை. அடிப்பகுதியை வெறுமனே விட்டுவிடலாம். பக்கங்களுக்கு அடிப்பதானால் தேய்த்த அன்றே எட்ச் பிரைமர் என்ற, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சைப் போட்டுவிட வேண்டும், ஆக்சைடு மறுபடி படியக் காத்திருக்காது. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர வைத்துத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் போட்டால் கனடாவில் படகுக்கு உரிம எண் வேண்டும். முகப்பின் இரு பக்கமும் 7.5 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல், பின்னணிக்கு எதிரான நிறத்தில் அது இருக்க வேண்டும். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினால் உரியாது.