மேடவாக்கம் வீட்டுக்கு மாதம் 18,000: அந்த ஆசையில் நான் மாட்டிய கதை

சென்னையில் வீட்டை வைத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், அதிலும் என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், உங்கள் வாடகை ஒப்பந்தத்தை இன்றைக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். "உள்வாடகைக்கோ குத்தகைக்கோ விட்டுக்கொள்ளலாம்" என்று எங்காவது ஒரு வரி இருந்தால், மேற்கொண்டு நான் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

நான் திருச்சியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்தபோது லோன் போட்டு மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். இரண்டு பெட்ரூம். ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் ரயிலேறிப் போய், பெயிண்ட் அடித்து, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை அழுது, அலுத்துப்போயிருந்த நேரம். வீட்டை நம்மிடமிருந்து எடுத்து, தாங்களே ஆள் வைத்து, நமக்கு மாத வாடகை தரும் ஒரு அலுவலகம் வேளச்சேரிப் பக்கம் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போனேன். ஏசி அறை, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள், எனக்கு ஒரு காபி.

"அம்மா, ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் மாசம் 5ஆம் தேதி உங்க அக்கவுண்ட்ல 18,000 விழுந்துடும். ரிப்பேர், மெயின்டனன்ஸ் எல்லாம் எங்க பொறுப்பு."

அந்தக் குடியிருப்பில் அப்போது 15,000 தாண்டி யாருக்கும் வரவில்லை. மூவாயிரம் கூடுதலாகத் தருகிறேன் என்கிறவனுக்கு அந்த மூவாயிரம் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருடம் கணக்கு வாத்தியார் நான். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

50,000 அட்வான்ஸ் கொடுத்தார்கள். 11 மாத ஒப்பந்தம், ஆங்கிலத்தில் நாலு பக்கம். கையெழுத்துப் போட்டு சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது அந்தப் பையன் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "குடி வர்றவங்களுக்கு நாங்கதான் ஓனர் மாதிரி. நீங்க நேர்ல போய்ப் பேசிடாதீங்கம்மா, அவங்களுக்குக் குழப்பமாயிடும்." நான் அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்!

எட்டு மாதம் 5ஆம் தேதி தவறாமல் பணம் வந்தது. ஒன்பதாவது மாதம் வரவில்லை. "பேங்க் சர்வர் பிராப்ளம்." பத்தாவது மாதம் போனை எடுக்கவில்லை. மகளோடு போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது, வாசலில் என்னைப் போலப் பத்துப் பதினைந்து பேர்.

அங்கிருந்து நேராக மேடவாக்கம். கதவைத் திறந்த பெண் "யாரும்மா வேணும்?" என்றாள். வீட்டுக்காரி என்றேன். அவள் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டு வந்தாள். அவர்கள் வாடகைக்கு இல்லை, லீசுக்கு இருக்கிறார்கள். எங்கள் பக்கம் போக்கியம், ஒத்தி என்பார்களே, அது: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வாங்கிக்கொள்வது. மூன்று வருடத்துக்கு 9 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். பாதி நகை அடகு, பாதி அவள் கணவர் வேலை பார்த்த கம்பெனி கணக்கை முடித்தபோது வந்தது.

கணக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு வந்த வாடகை 1,44,000. அட்வான்ஸ் 50,000. மீதி 7,06,000 அந்த அலுவலகக்காரன் கையில். ஒவ்வொரு புது லீஸ் பணத்திலிருந்தும் பழைய ஓனர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். புது ஆள் வருவது நின்ற மாதம் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் நின்றது.

பக்கத்து ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்மா" என்றார்கள். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பலரை ஏமாற்றிய மோசடி என்பதால் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து மத்திய குற்றப்பிரிவில் மனு கொடுத்தோம். லீசுக்கு வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனோம். ஓனர்கள் தனியாக, குடியிருப்பவர்கள் தனியாகப் போனால் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

சித்தப்பா மகன் ஒருவன், "மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, தானா போயிடுவாங்க" என்று யோசனை சொன்னான். வக்கீல் அதட்டிவிட்டார். 2017ஆம் வருட வாடகைச் சட்டப்படி தண்ணீர், கரண்ட்டை வீட்டு உரிமையாளர் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தப்பு நம் பக்கம் வந்துவிடும்.

அதே சட்டம் என்னைக் காப்பாற்றியிருக்கவும் கூடும். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அரசு இணையதளத்திலேயே செய்யலாம். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. நான் பதிவும் செய்யவில்லை. சம்மதத்தையோ மூன்றாம் பக்கத்தில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு" என்ற பழைய பேச்சு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்ற பத்திரப்பதிவுச் சட்டத்தை வைத்து வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு.

"வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது" என்று ஒருவர் சொன்னார். பதியாத லீஸ் வில்லங்கத்தில் வராது. லீசுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவரை நேரில் பார்க்காமல், அவர் கையெழுத்து இல்லாமல், பணம் கொடுக்காதீர்கள். "ஓனர் அமெரிக்காவில்" என்றால் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருக்கிறான். நான் சென்னை தாண்டிப் போனதில்லை.

வெளியூரில் இருப்பவர்கள் ஏஜெண்டே வேண்டாம் என்று இருக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆள் பிடித்துக் கொடுக்கட்டும், கமிஷன் வாங்கிக்கொள்ளட்டும். ஒப்பந்தம் மட்டும் குடியிருப்பவர் பெயருக்கும் நம் பெயருக்கும் நடுவில் இருக்கட்டும், வாடகை அவர் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு வரட்டும். பவர் பத்திரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குடிவந்த முதல் மாதமே ஒரு நடை போய், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "என்ன வாடகை கொடுக்கறீங்க?" என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்திருக்கும்.

அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. "எங்க பணம் வராம எப்படிம்மா போறது?" என்கிறாள். வெளியேற்ற வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். அவளுடைய அடகு ரசீதுகளைப் பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை. புதிதாக ஒரு ஒப்பந்தம் எழுதி, பதிவு எண்ணும் வாங்கி, மாதம் 8,000 தருகிறார்கள். போன மாதம் மூன்று நாள் தாமதம். போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள்.